மூன்றாவது உபசாரம்

நார்ட்பி ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள் மாரிட் எக்டால்.

"ஏய், குதிரை! நின்னுக்கிட்டே தூங்காத. சுவரோர மேஜைக்கு இன்னும் காபி போகல."

கண்ணைத் திறந்தாள். எதிரில் டான்டே. கை நிறைய எச்சில் தட்டுகள். மூக்கின் ஒரு பக்கம் பஞ்சு அடைத்திருந்தது.

"தூங்கல. கண்ணை மட்டும் மூடியிருந்தேன்."

"குறட்டையும் விட்ட."

"மறுபடி ரத்தமா?"

"வெளிய ஒரு வேன் ஐஸ்ல வழுக்கிக்கிட்டு நேரா ஜனங்க மேல வந்துச்சு. மனசால ஒரு இழு இழுத்து நிறுத்தினேன். டிரைவர் இறங்கி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'புது டயர் எப்படிப் பிடிக்குது பாத்தியா'ங்கறாரு. டயரைத் தட்டிக் குடுத்துட்டு உள்ள போயிட்டாரு."

மாரிட்டுக்குச் சிரிப்பு வந்தது. உதடு வரைக்கும் வந்து, அதற்கு மேல் ஏற வலுவில்லாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை மதியம். வருஷா வருஷம் இந்த நாளில் ஊரே இங்கே கூடி லூட்டஃபிஸ்க் சாப்பிடும். காய்ந்த மீனைச் சோடாக்காரத்தில் ஊறப்போட்டு, கொழகொழவென்று வேகவைத்து, மேலே வெண்ணெயை உருக்கி ஊற்றித் தருவார்கள். பாதிப் பேருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று எவரும் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. பரிமாறுவது பள்ளிப் பிள்ளைகளின் வேலை. அதனால்தான் மாரிட், டான்டே, லெம்பி மூவரும் வெள்ளைச் சட்டையில் இங்கே நின்றார்கள். வேறொரு காரணமும் இருந்தது. அது மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஏரி உறைந்த அந்த முதல் வாரம் மூவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனது. அதோடு வந்தது போகவில்லை. அடுத்தவர் மனசுக்குள் ஓடுவது மாரிட்டின் காதில் விழ ஆரம்பித்தது. டான்டே நினைத்தால் பொருள்கள் நகர்ந்தன. லெம்பி கோஸ்கெலா நினைத்தால் ஒரு மனசைச் சுற்றிச் சுவர் எழும்பியது.

அதே வாரம்தான் அதுவும் வந்தது.

அதற்குப் பெயர் வைத்தவள் லெம்பி. விருந்தாளி. "பேய்னு சொன்னா ராத்திரி தூக்கம் வராதுடி. அதுவும் இல்லாம, இது ரொம்ப மரியாதையா வேற பேசுது."

மரியாதையாகத்தான் பேசியது. யார் நெஞ்சில் பாரம் அதிகமோ அவர் தலைக்குள் வந்து, வாசற்படியில் தயங்கி நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் தோரணையில் கேட்கும்: 'ரொம்பக் கனமா இருக்கும்போல இருக்கே. நான் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?' பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டால் முடிந்தது. பாரத்தோடு சேர்த்து ஆசை, கோபம், பசி, பெற்ற பிள்ளையின் பெயர் என்று வீட்டையே காலி செய்துகொண்டு போய்விடும். மிச்சம் இருப்பது மூச்சு விடும் உடம்பு மட்டும்.

அதோ, தூண் பக்கத்து மேஜையில் குட்ரூன் நீகார்ட். ஒரு காலத்தில் பாடகர் குழுவையே கண்ணால் மிரட்டி வைத்திருந்தவள். இலையுதிர் காலத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கணவர் மீனைச் சிறு துண்டாக்கி வாயில் வைத்தார். வைத்ததை மென்றாள். டாக்டர்கள் மூளையில் ஏதோ என்றார்கள். ஊரில் அவளைப்போல் இன்னும் பலர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு பெயரில் வியாதி.

மூன்று பேரும் பள்ளி விட்டதும் தெருத்தெருவாய் அலைந்தார்கள். விருந்தாளி யார் தலைக்குள் நுழைகிறது என்று மாரிட் மோப்பம் பிடிப்பாள். லெம்பி சுவர் எழுப்புவாள். டான்டே காவல் நிற்பான். அது பின்வாங்கும். மறுநாள் வேறு தெருவில் வரும். இப்படியே இரண்டு வருஷம். லெம்பி கணக்கு வகுப்பில் தூங்கித் தூங்கித் தோற்றுப்போனாள். டான்டேயின் தலையணை உறை எல்லாம் ரத்தக்கறை. மாரிட்டுக்கு எங்கே போனாலும் ஊரின் புலம்பல். போர்வையை இழுத்து மூடினாலும் கேட்டது.

"உங்க அப்பா வந்துட்டாரா?" என்றான் டான்டே.

"அடுத்த பந்திக்கு வருவாரு. ரோட்டுல பனி தள்ளி முடிச்சுட்டு."

"அது அவரை இன்னமும் சுத்துதா?"

மாரிட் காபி ஜாடியைக் கையில் எடுத்தாள். அது இன்று காலையைவிடக் கனமாக இருந்தது.

அவள் அப்பா ஆர்னே எக்டால், மாவட்டத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். போன குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் வண்டி போக ஐஸ் வழி போட்டவர் அவர்தான். வண்டி தாங்கும் என்றார். அந்த வார்த்தையை நம்பி அவர் தம்பி லெய்ஃப், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க உட்காரும் குடிசையை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். நடு ஏரியில் ஐஸ் உடைந்தது. வண்டி கிடைத்தது. அதற்கு மறுநாள் லெய்ஃப் கிடைத்தார். 'உன் தப்பில்ல ஆர்னே' என்று ஊரே வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனது. அவர் தலையாட்டினார். அதற்குப்பிறகு அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்கவே இல்லை.

விருந்தாளிக்கு இதைவிடக் கொழுத்த தீனி நார்ட்பியில் கிடையாது.

"ரெண்டு தடவை கேட்டுடுச்சு," என்றாள் மாரிட். "வியாழக்கிழமை லாரில போறப்ப ஒரு தடவை. இன்னிக்குக் காலைல ஷேவ் பண்றப்ப ஒரு தடவை. ரெண்டு தடவையும் உறுதியா வேண்டாம்னுட்டாரு. அதனால கொஞ்சம் தைரியமா இருக்கேன்."

"எப்படிச் சொன்னாரு?"

"வேண்டாம்னுதான்."

"அப்படியே சொல்லு. என்ன வார்த்தை?"

டான்டே நியூ ஜெர்ஸியிலிருந்து வந்தவன். அவன் அப்பாவுக்கு இரும்புச் சுரங்கத்தில் வேலை கிடைத்து இந்த மின்னசோட்டாப் பனிக்குள் வந்து விழுந்தார்கள். எதையும் தோண்டித் துருவிக் கேட்பது அவன் சுபாவம்.

"முதல் தடவை, 'இல்லைங்க, பரவால்ல, நானே பாத்துக்கறேன்'னாரு. காலைல, 'ஐயோ, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்'னாரு."

டான்டேயின் கண் பக்கத்து மேஜைக்குப் போயிருந்தது. அங்கே ஒரு தடித்த பெண்மணி, உருளைக்கிழங்கு மாவில் சுட்ட மெல்லிய லெஃப்ஸா ரொட்டித் தட்டை எதிரில் இருந்த கிழவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எடுத்துக்குங்களேன்."

"வேண்டாம் வேண்டாம். வயிறு முட்டிடுச்சு."

"சின்னதா ஒண்ணு?"

"இல்லல்ல, வேற யாராச்சும் சாப்பிடட்டும்."

"அட, எடுத்துக்குங்கன்னா."

"சரி... நீங்க இவ்ளோ தூரம் சொல்றதால..."

கிழவர் ரெண்டு எடுத்துக்கொண்டார்.

"மாரிட்," டான்டே மெதுவாகச் சொன்னான். "நான் வந்த புதுசுல உங்க வீட்டுக்கு பீட்சா வாங்கிட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? உங்க அப்பா வேண்டாம்னாரு. நானும் சரின்னு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன்."

"அதை அவர் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு."

"ஏன்? வேண்டாம்னவரு எதுக்கு அதையே சொல்லிக்கிட்டிருக்கணும்?"

"ஏன்னா நீ மறுபடி கேட்பேன்னு..."

மாரிட் நிறுத்தினாள்.

ஜாடியை மேஜையில் வைக்கவேண்டி வந்தது.

"குட்ரூன் எத்தனை தடவை வேண்டாம்னாங்க?" என்றான் டான்டே.

"ரெண்டு."

"அவங்களை மாதிரியே ஆயிட்ட அந்தக் கடைக்காரரு?"

"ரெண்டு. ரெண்டு தடவை சொல்லிட்டாருன்னுதான், 'இவரு தப்பிச்சுட்டாரு'ன்னு அடுத்த தெருவுக்குப் போனோம்." அவள் குரல் தேய்ந்தது. "டான்டே, வெளிய பேசறப்பதான் ஜனங்க நாகரிகம் பாப்பாங்கன்னு நினைச்சேன். மனசுக்குள்ள உள்ளதைச் சொல்வாங்கன்னு நினைச்சேன்."

"உங்க ஊர்ல மனசுக்குள்ளயும் மேஜை விரிப்பு போட்டுத்தான் உக்காந்திருக்கீங்க."

"உன்கிட்ட அது வந்ததே இல்லையா?"

"ஒரு தடவை வந்துச்சு. 'வேணாம், கிளம்பு'ன்னேன். போயிடுச்சு."

"எப்ப? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே!"

இரண்டு வருஷம். தப்பித்தவர்கள் என்று நினைத்து விட்டுவிட்டு வந்த ஒவ்வொரு முகமும் மாரிட்டின் முன்னால் வந்து போனது. அழுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

படிக்கட்டில் கனத்த பூட்ஸ் சத்தம். சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, தொப்பியில் பனி. அப்பா.

மாரிட் ஓடாத குறையாகக் கோட்டு மாட்டும் அறைக்குப் போனாள். குவிந்து கிடந்த கோட்டுகளுக்கு நடுவே, யாருடையதோ ஒரு ரோமக் கோட்டைப் போர்த்திக்கொண்டு லெம்பி உட்கார்ந்திருந்தாள். பல் தந்தியடித்தது.

"லெம்பி, அப்பா வந்துட்டாரு. ஒரே ஒரு சுவர். அவருக்கு மட்டும்."

"காலைலேர்ந்து இந்த ஹால்ல இருக்கிற அத்தனை பேருக்கும் போட்டுக்கிட்டிருக்கேன்டி." லெம்பியின் கண் சிவந்திருந்தது. "போடறேன். எவ்ளோ நேரம் நிக்கும்னு கேக்காத."

"எவ்ளோ நேரம்?"

"கேக்காதன்னேன்ல."

கண்ணை மூடினாள். சுவர் எழும்புவதை மாரிட் உணர்ந்தாள். வழக்கமாகக் கருங்கல் போலிருக்கும் சுவர் இன்று ஈரத் துணி போல் இருந்தது. ஒரு நிமிடம் நின்றது. பிறகு லெம்பியின் தலை பக்கவாட்டில் சாய்ந்து, ரோமக் கோட்டின் காலருக்குள் புதைந்தது. தூங்கிவிட்டாள். மாரிட் தோளைப் பிடித்து உலுக்கினாள். அசைவில்லை.

சுவர் விழுந்தது.

மாரிட் ஹாலுக்குத் திரும்பி, வைத்துவிட்டுப் போன காபி ஜாடியை எடுத்துக்கொண்டாள். அப்பா ஓரத்து மேஜையில், குட்ரூனுக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தார். தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வழக்கம்போல் வானிலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா."

"என்னம்மா? முகமெல்லாம் வாடிக் கிடக்கு. ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"யார் வந்து எது கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்க. முடிவா. ஒரே தடவைல."

"யாரு என்ன கேக்கப் போறா?"

"யாரா இருந்தாலும். 'வேணாம், போ'ன்னு சொல்லணும்."

ஆர்னே மகளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியெல்லாம் முகத்துல அடிச்ச மாதிரி பேசலாமாம்மா?" என்றார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

அவ்வளவுதான். ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரு நிமிடத்தில் மாற்ற முடியாது.

அப்போது ஹாலில் ஏதோ மாறியது. வெளிச்சம் குறையவில்லை. கரண்டிச் சத்தம் நிற்கவில்லை. ஆனால் மாரிட்டின் காதில் சதா இரைந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான மனசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டன, முக்கியமான ஆள் உள்ளே நுழையும்போது தாழ்த்திக்கொள்கிற மாதிரி. குளிர்ந்த, நாகரிகமான, அடியில்லாத பசி ஒன்று மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்தது. யாரையும் இடிக்கவில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

'ஆர்னே...' என்று ஆரம்பித்தது. அதன் குரலில் கனிவு சொட்டியது.

அப்பாவின் முட்கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. மாரிட்டுக்கு அவர் மனசில் பதில் தயாராவது கேட்டது. 'சரி, நீங்க இவ்ளோ தூரம்...'

விருந்தாளியோடு பேசவே கூடாது என்பது மூவரும் போட்டிருந்த சட்டம். ஒரு வார்த்தை பேசினாலும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

மாரிட் திறந்தாள்.

"வாங்க," என்று முணுமுணுத்தாள், கையில் காபி ஜாடியோடு. "இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. அவருது என்ன கனம்? ஒரே ஒரு துக்கம். என்கிட்ட ஊரே இருக்கு. ரெண்டு வருஷமா அத்தனை பேரு புலம்பலும் இங்கதான் கிடக்கு. என்னை எடுத்துக்கறீங்களா?"

அது திரும்பியது.

கண் இல்லாத ஒன்று தன்னை முழுசாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று மாரிட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு அவள் வேண்டும். அது இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இவ்வளவு பெரிய விருந்தை யாரும் அதன் முன்னால் வைத்ததில்லை. அது 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் அவள் கதை முடிந்துவிடும். அவள் அப்பாவின் கதை அடுத்த நிமிடம் முடியும்.

வார்த்தை வரவில்லை. ஏதோ தடுமாற்றம். பிறகு, குட்ரூன் நீகார்டின் பழைய குரலை அப்படியே உரித்து வைத்த மாதிரி, அது சொன்னது:

'ஐயையோ. பரவால்லம்மா. உனக்கெதுக்குச் சிரமம்?'

மாரிட் மூச்சை விட்டாள். இரண்டு வருஷமாக அது தின்றதெல்லாம் நார்ட்பிக்காரர்களைத்தான். அவர்கள் பாரத்தைத் தின்றது, ஆசையைத் தின்றது. கூடவே அவர்கள் பழக்கத்தையும் தின்றுவிட்டிருந்தது.

"சிரமமே இல்ல. நிஜமாத்தான் சொல்றேன். எடுத்துக்குங்க."

அதன் பசி முன்னால் சாய்ந்தது. அவள் கழுத்தில் மூச்சு படுகிற தூரம்.

'இல்லல்ல,' என்றது, சற்றே அவசரமாக. 'நான்... நான் கிளம்பணும். வேற யாருக்காச்சும்...'

சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

மூன்றாவது உபசாரத்துக்காக.

அப்போதுதான் மாரிட் எதிர்பாராத ஒன்று நடந்தது. கேட்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. விருந்தாளி தூண்டவில்லை. அவளே. வாயில் வார்த்தை தயாராக இருந்தது: அட, எடுத்துக்குங்கன்னா. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு, மூன்றாவது தடவை கேட்காமல் விட்டால் கூசியது. அதைவிடப் பெரிதாக அந்தக் களைப்பு. எடுத்துக்கொண்டு போகட்டுமே. நாளைக்கு எழுந்திருக்க வேண்டாம். தெருத் தெருவாய் அலைய வேண்டாம். யார் அழுவதும் கேட்காது. தூக்கம். நல்ல, கனத்த, அடியாழத் தூக்கம். எவ்வளவு நாளாயிற்று?

உதடு பிரிந்தது.

"என்ன சொல்லுது?" என்றான் டான்டே, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. அவன் காதில் எதுவும் விழாது. அவள் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாங்குது."

"அப்புறம் என்ன? வேண்டாம்னா விடு. காபி ஆறுது."

மாரிட் வாயை மூடினாள். எச்சில் கூட்டி விழுங்கினாள். தொண்டையில் நின்ற மூன்றாவது உபசாரமும் அதோடு உள்ளே போனது.

"சரி," என்றாள். "உங்க இஷ்டம்."

விருந்தாளி நின்றது. இன்னும் காத்திருந்தது. மேஜைமேல் லெஃப்ஸா தட்டில் கடைசி ரொட்டி ஒன்று கிடந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த எட்டுப் பேருக்கும் அதன்மேல் ஒரு கண். ஒருவரும் கை நீட்டவில்லை. அதுவும் அப்படித்தான் நின்றது. எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் அது தின்ற எந்த மனசிலும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டில், அதே மேஜையில், இன்னொருவரிடம் போய் மறுபடி ஆரம்பிக்கவும் முடியாது. அதற்கு வெட்கமாக இருந்தது. மாரிட்டுக்கு அது நன்றாகவே கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஆர்னே எக்டால், யாரோ ஏதோ கேட்க வந்து கேட்காமலே போய்விட்ட உணர்வில், பெருமூச்சு விட்டு இரண்டு முழங்காலிலும் பட்டென்று தட்டினார்.

"சரி... அப்புறம் என்ன," என்றார்.

நார்ட்பியில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கிளம்பலாம். மேஜையே நாற்காலியைப் பின்னால் தள்ளியது. விருந்தாளியும் நகர்ந்தது. நகராமல் இருக்கத் தெரியவில்லை.

மாரிட் விடவில்லை. இந்த ஊரில் விருந்தாளியை மேஜையோடு அனுப்பிவிடுவதில்லை. கோட்டு மாட்டும் இடத்தில் கொஞ்ச நேரம், கதவருகே கொஞ்ச நேரம், கார் வரைக்கும் கொஞ்ச நேரம். காபி ஜாடியைப் பிடித்தபடியே அதோடு படியேறினாள். தின்றதையெல்லாம் வழியில் விட்டுவிட்டு, ஒவ்வொரு படிக்கும் அது மெலிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது, கேட்க மாட்டாளா என்று. அவள் கேட்கவில்லை. வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். வெளியே சாயங்காலம் நீலமாக இறங்கியிருந்தது. குளிர் முகத்தில் அறைந்தது.

"பாத்துப் போங்க," என்றாள். "ரோடு வழுக்கும்."

கார்களுக்கு நடுவே பனித்தூள் சற்று எழும்பி, ஏரிப் பக்கமாக இழுபட்டு, அடங்கியது.

வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் அவளையும் ஜாடியையும் பார்த்தார். "யாரும்மா போறது?"

"தூரத்துல இருந்து வந்தவங்க," என்றாள் மாரிட்.

கீழே இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கரகரப்பான, துருப்பிடித்த, ஆனாலும் அதிகாரம் குறையாத பெண் குரல்.

"யாரு இந்தக் காபியைப் போட்டது? ஆறி அவலாக் கிடக்கு!"

பிறகு நாற்காலி விழும் சத்தம். குட்ரூன் நீகார்டின் கணவர் ஓவென்று அழும் சத்தம்.

டான்டே ஓடிவந்தான். மூக்குப் பஞ்சு எங்கேயோ விழுந்திருந்தது. "கேட்டுச்சா? திட்டுறாங்க! அவங்க திட்டுறாங்க, மாரிட்!"

"கேட்டுச்சு."

"போயிடுச்சா அது?"

"போயிடுச்சு."

"திரும்ப வருமா?"

"தெரியல. வந்தா உக்காரச் சொல்லுவோம். ரெண்டு தடவை கேப்போம்."

டான்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கையில் ஏதோ சுருட்டி வைத்திருந்தான். சர்க்கரையும் வெண்ணெயும் தடவிய லெஃப்ஸா. அதைப் பாதி கடித்தான்.

"அந்த மேஜையில இருந்ததா?" மாரிட் கண்ணை அகல விரித்தாள். "கடைசி ரொட்டியையா எடுத்த?"

"யாரும் சாப்பிடலையே."

"எட்டுப் பேரும் பாத்துக்கிட்டிருந்தாங்களே, டான்டே!"

"ஆமா. எடுத்ததும் எல்லாரும் என்னைக் கொலைகாரன் மாதிரி பாத்தாங்க. இந்தா, மிச்சம் வேணுமா?"

'இல்ல, பரவால்ல' என்று வாய் வரை வந்தது. "வேணும்," என்றாள். வாங்கித் தின்றாள். கோட்டு அறையிலிருந்து லெம்பியின் குறட்டை, சீராக, கவலையில்லாமல் வந்துகொண்டிருந்தது. யாரும் அவளை எழுப்பவில்லை.

பாத்திரமெல்லாம் கழுவி முடித்து வெளியே வந்தபோது அப்பா பிக்கப் வண்டியின் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தார். மாரிட் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மனசு அவளுக்குக் கேட்டது. அங்கே எதுவும் குறையவில்லை. அத்தனை கனமும் அப்படியே இருந்தது. விருந்தாளி எடுக்காமல் விட்டுப்போன கனம். ஊரே ஒரு தடவை, கூடிப்போனால் இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போன கனம். மூன்றாவது தடவை கேட்க வந்தது அந்த விருந்தாளி ஒன்றுதான். மகளும் கேட்டதில்லை. அவளுக்குத்தான் எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்ததே, கேட்பானேன் என்று இருந்துவிட்டாள்.

"அப்பா, வண்டியை நான் ஓட்டட்டுமா?"

"வேண்டாம்மா. நீயே தூங்கி வழியற."

"நீங்களும்தான். காலைலேர்ந்து லாரி ஓட்டியிருக்கீங்க. குடுங்க."

"பரவால்ல, பக்கத்துலதானே."

தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. சர்ச் வாசலில் இன்னும் விடைபெற்று முடியாத கும்பல் நின்று பேசிக்கொண்டிருந்தது. மாரிட்டுக்குக் கால் வலித்தது. கண் எரிந்தது. இப்போதே வண்டியில் ஏறிக் கண்ணாடியில் தலையைச் சாய்த்தால் வீடு வருவதே தெரியாது.

கையை நீட்டியபடியே நின்றாள்.

"அப்பா, சாவியைக் குடுங்க. ஏரிப் பக்கமா சுத்திப் போலாம். மெதுவா ஓட்டறேன்."

ஆர்னே சுரண்டுவதை நிறுத்தினார். மகளின் கையைப் பார்த்தார். பிறகு அவர் கையுறையைக் கழற்றி, சட்டைப் பையில் துழாவி, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

வண்டி தெருமுனை திரும்பி ஏரிக்கரைக்கு வந்தது. வெள்ளையாய்ப் பரந்து கிடந்தது ஏரி. மாரிட் அவர் மனசைக் கேட்காமல், காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினாள்.

"அன்னிக்குக் காலைல," என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஐஸ் தாங்குமான்னு கரை ஓரத்துலதான் துளை போட்டுப் பாத்தேன். நடுவுல போடல. சோம்பலா இருந்துச்சு."

"சொல்லுங்கப்பா," என்றாள் மாரிட்.